மற்ற தரப்பின் பெயர்

கிளமெண்டி
சிங்கப்பூர், 9 மே 2024

அன்புள்ள லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். போன் அடித்தால் மச்சான் எடுத்து, "உங்க லாத்தா தொழுறாங்க" என்கிறார். காலையில் அடித்தாலும் அதே பதில், மத்தியானம் அடித்தாலும் அதே பதில். என் கூடப்பிறந்தவர் இவ்வளவு பெரிய இறைநேசச் செல்வி ஆகிவிட்டது எனக்குத் தெரியாமல் போயிற்று. அதனால்தான் தபால். ஸ்டாம்ப் கேட்டபோது கவுண்டரில் இருந்த பிள்ளை என்னை மியூசியத்திலிருந்து வந்தவன் மாதிரி பார்த்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று லீவு போட்டுவிட்டு, தேக்காவுக்குப் பக்கத்தில் புதன்கிழமை சாயங்காலம் நடக்கிற இலவச சட்ட ஆலோசனைக்குப் போனேன். பஸ் ஓட்டுகிறவன் சம்பளத்தில் வக்கீல் வைக்க முடியுமா? அங்கே நல்ல மரியாதை. தண்ணீர் கொடுத்தார்கள், நாற்காலி கொடுத்தார்கள். பதிவு செய்கிற பெண் கையில் டேப்லட்டை வைத்துக்கொண்டு எல்லாம் கேட்டாள். கடைசியில், "அங்கிள், மற்ற தரப்பு பேரு என்ன?" என்றாள். உங்கள் பெயரைச் சொன்னேன். தட்டினாள், பார்த்தாள், உள்ளே போனாள், திரும்பி வந்து, "சாரி அங்கிள், இங்க உங்களுக்கு அட்வைஸ் கொடுக்க முடியாது" என்றாள். காரணம் கேட்டால் சொல்ல அனுமதி இல்லையாம்.

பக்கத்து நாற்காலியில் இருந்த சீன அங்கிள்தான் எனக்கு விளக்கினார். ஒரே சண்டையில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே இடத்தில் யோசனை சொல்ல மாட்டார்களாம். யார் முதலில் வந்தார்களோ அவர்களுக்கு மட்டும்தானாம்.

ஆக, எனக்கு முன்னால் நீங்கள் போயிருக்கிறீர்கள். என்னை எதிராளி என்று பதிந்திருக்கிறீர்கள்.

உம்மாவின் வருஷ நினைவு ஃபாத்திஹா அன்று நெய்ச்சோற்றுச் சஹன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து நாம் போட்ட கூச்சலுக்கு நான் வெட்கப்படுகிறேன். ஆனால் சொன்னதில் மாற்றம் இல்லை. ஹுசைன் நம் தம்பி. டவுன் சிண்ட்ரோம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து உம்மா அவனைக் கைக்குள்ளேயே வைத்து வளர்த்தார்கள். வாப்பாவும் இல்லை, உம்மாவும் இல்லை என்றால் அவனுக்கு கார்டியன் ஆண்பிள்ளையான நான்தான். உம்மா அவன் பெயரில் போட்டு வைத்திருக்கும் பேங்க் கணக்கைத் திறக்கவும் யாராவது பொறுப்பு எடுத்தாக வேண்டும். அவன் கிளமெண்டிக்கு வர வேண்டும். அவ்வளவுதான்.

உங்கள் தம்பி,
அஹமது கபீர்


ஈசூன்
14 மே 2024

தம்பி கபீருக்கு,

வ அலைக்கும் ஸலாம்.

உன் கடிதத்தை மச்சான் லெட்டர் பாக்ஸிலிருந்து எடுத்து வந்து, கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்துக்கொண்டு என் கையில் கொடுக்கவே பயந்தார். உன் கையெழுத்து இன்னும் கோழி கிளறினதுபோலத்தான் இருக்கிறது.

ஆமாம், நான்தான் முதலில் போனேன். உன்னை முந்த வேண்டும் என்று போகவில்லை. நான் போனால் உனக்குக் கதவு சாத்தப்படும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. பேங்க்கில், "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டார்கள். ஸ்கூல் கேன்டீனில் மீ சியாம் விற்கிறவளுக்குக் கோர்ட்டைப் பற்றி என்ன தெரியும்? யாரோ அந்த இடத்தைச் சொன்னார்கள், போனேன்.

அந்தப் பெண் என்னிடமும் மற்ற தரப்பு யார் என்றுதான் கேட்டாள். யாருமே இல்லை, எனக்கு ஒரு தம்பி இருக்கிறான், அவனோடு கொஞ்சம் மனஸ்தாபம் என்றேன். ஆட்சேபம் சொல்லக்கூடியவர் யாராக இருந்தாலும் பெயர் வேண்டும் என்றாள். சொல்லிவிட்டேன். சொல்லும்போது நாக்கு கசந்தது. நம்பினால் நம்பு.

உள்ளே அகிலன் என்று ஒரு வக்கீல். பகலில் பெரிய ஆபீசில் வேலை, சாயங்காலம் நம்மைப் போன்றவர்களுக்குச் சும்மா வந்து உட்காருகிறார். அவரிடம் நம் பக்கத்து வழக்கத்தைச் சொன்னேன். நம் ஊரில் வீடு மகளுக்குத்தான், மாப்பிள்ளைதான் வந்து சேர்வார். நம் வாப்பாவே உம்மா வீட்டுக்கு வந்தவர்தானே? அப்படியானால் உம்மாவின் வீடும் அதில் இருந்த பிள்ளையும் மகளான என் பொறுப்புதானே என்றேன். மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆன்ட்டி, உங்க தம்பிக்கு இருபத்தொரு வயசு தாண்டிருச்சு. சட்டப்படி அவருக்கு யாருமே கார்டியன் இல்ல. நீங்களும் இல்ல, உங்க இன்னொரு தம்பியும் இல்ல" என்றார்.

கேட்டாயா? நீ ஆண்பிள்ளை என்று மார் தட்டினாய், நான் மகள் என்று மார் தட்டினேன். இரண்டுமே செல்லாக் காசு. கோர்ட்டில் மனுப் போட்டு, அவன் காரியங்களைப் பார்க்க டெபுடி என்று ஒருவரை நியமிக்கச் சொல்ல வேண்டுமாம்.

மனுவை நான் போடுகிறேன். உன் பெண்டாட்டி ஃபஸீலாவும் வேலைக்குப் போகிறாள், உனக்கு ஷிஃப்ட். அவன் பூட்டின வீட்டுக்குத்தானே வருவான்? இங்கே நல்லபடியாக இருக்கிறான். தினமும் தானே ரயிலேறி தேக்காவில் துரைசாமி அண்ணன் வாழையிலைக் கடைக்கு வேலைக்குப் போகிறான், வருகிறான். அவனை அலைக்கழிக்காதே.

ரபியா லாத்தா


கிளமெண்டி
31 மே 2024

லாத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கோழி கிளறிய எழுத்தைப் படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ளவும்.

எங்கள் பக்கத்து சமூக மன்றத்திலும் இதே மாதிரி ஓர் இலவச ஆலோசனை இருக்கிறது. போனேன். இங்கே உங்கள் கொடி பறக்கவில்லை, அதனால் உள்ளே விட்டார்கள். வக்கீல் சுஷ்மிதா என்று ஒரு சின்னப் பெண். மகள் வயதுதான் இருக்கும். ஷூ சத்தம் மட்டும் ஜட்ஜ் மாதிரி. நான் ஆதியிலிருந்து அந்தம் வரை எல்லாம் சொன்னேன். உம்மா ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து, "அவனப் பாத்துக்கோ" என்று சொன்னதையும் சொன்னேன்.

அந்தப் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஹுசைன் என்ன சொல்றாரு?"

லாத்தா, இத்தனை நாள் சண்டை போட்டோமே, நீங்கள் அவனிடம் கேட்டீர்களா? நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து ஃபஸீலாவிடம் சொன்னால், அவள், "அத ஒரு வக்கீல் வந்து கேக்கணுமாக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இன்னொன்றும் அந்தப் பெண் சொன்னாள். டெபுடி ஒருத்தராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லையாம். நாம் இருவரும் சேர்ந்தே மனுப் போடலாமாம். அப்படிப் போட்டால் மற்ற தரப்பு என்று ஒருவர் இல்லை, நீங்கள் போன இடத்திலேயே ஒன்றாக உட்காரலாம் என்றாள். அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். சம்மதம் என்று இன்னும் சொல்லவில்லை.

ஆனால் அதைவிட முக்கியமான விஷயம். அவனிடமே கேட்டுவிடலாம் என்று நேற்று இலைக் கடைக்குப் போனேன். ஆள் இல்லை. நாலைந்து நாளாக வரவில்லை என்கிறார் துரைசாமி அண்ணன். மச்சான் போனில் லீவு சொன்னாராம். அவனுக்கு உடம்புக்கு என்ன? நீங்கள் சொல்லாவிட்டால் நானே ஈசூனுக்கு வந்து நிற்பேன்.

கபீர்


ஈசூன்
5 ஜூன் 2024

கபீர்,

அவன் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நான்தான் அனுப்பவில்லை.

நீ கடைக்கு வந்து அவனை அப்படியே கிளமெண்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாயோ என்று எனக்குப் பயம். ஸ்கூல் லீவு விட்டாயிற்று, நானும் வீட்டில்தானே இருக்கிறேன், அவனும் ஓய்வெடுக்கட்டும் என்று மச்சானிடம் காரணம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் நான் செய்வது தப்பு என்று அர்த்தம்.

முதல் நாள் ஹுசைன் டிவி பார்த்தான். மறுநாள் நான் வாங்கி வைத்திருந்த பாண்டான் இலை, கீரை, கொத்தமல்லி எல்லாவற்றையும் எடுத்து, ஒவ்வொன்றாகத் துடைத்து, ஒரே அளவாகக் கட்டி மேசைமேல் அடுக்கி வைத்தான். கறிவேப்பிலையைக்கூட விடவில்லை. அதற்கடுத்த நாள் சாப்பிடவில்லை. பிறகு என் முன்னால் வந்து நின்று கேட்டான்: "லாத்தா, துரை அண்ணன் தேடுவாங்க லா. நான் என்ன தப்பு செஞ்சேன்?"

நான் சமையலறைக்குள் போய் அழுதேன். உம்மா மௌத்தான பிறகு இப்படி அழவில்லை.

மறுநாளே அனுப்பிவிட்டேன். ஸ்டேஷன் வரை கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டுப் போனான். நியூட்டனில் ரயில் மாறி லிட்டில் இந்தியாவில் இறங்கியதும் எனக்குப் போன் செய்தான். "ரீச்" என்று ஒரே வார்த்தை. கோபம் தீரவில்லை.

அந்தச் சின்னப் பெண் கேட்ட கேள்வியைப் படித்த பிறகு எனக்கும் தூக்கம் சரியில்லை. உம்மா உன்னிடம் சொன்னதையேதான் என்னிடமும் சொன்னார்கள். ஒரே பிள்ளையை இரண்டு பேரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் உம்மாவுக்கு எப்போதும் ஒன்றுக்கு இரண்டு பூட்டு போடுகிற பழக்கம்தானே?

இந்தக் கடிதத்தை ஹுசைனிடமே கொடுத்தனுப்புகிறேன். நீ ஷிஃப்ட் முடிந்து கடைக்குப் போய் வாங்கிக்கொள். அவனைப் பார். கேட்க வேண்டியதைக் கேள். கூட்டிக்கொண்டு மட்டும் போய்விடாதே.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீயும் ஃபஸீலாவும் வாருங்கள். மட்டன் கறி நான் வைக்கிறேன். நீ வாயை மூடிக்கொண்டு வந்தால் போதும்.

லாத்தா


கிளமெண்டி
8 ஜூன் 2024

அன்புள்ள லாத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

கடிதம் வந்து சேர்ந்தது. எப்படி வந்தது தெரியுமா? ஈரம் படக்கூடாது என்று வாழையிலையில் சுற்றி, நார் போட்டுக் கட்டி, கல்லாவுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்திருந்தான். சிங்கப்பூர் தபால்துறை இப்படி எனக்கு ஒருநாளும் செய்ததில்லை.

உடனே கொடுத்துவிட்டான் என்று நினைக்காதீர்கள். நான் போனபோது கடையில் ஒரு கல்யாண ஆர்டர். ஹுசைன் ஏப்ரன் கட்டிக்கொண்டு இலைகளை விரித்து, கிழிசல் இருந்தால் தள்ளிவிட்டு, நல்லதாகப் பார்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். "தம்பி" என்று கூப்பிட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "காக்கா, பிஸி லா. வெயிட்" என்றான். பஸ் கேப்டன் என்கிற பட்டம் பஸ்ஸுக்குள் மட்டும்தான் செல்லும்போல. காய்கறிக் கடைக்காரர் முக்காலி கொடுத்தார், உட்கார்ந்திருந்தேன். அவனிடம் இலை வாங்க வருகிறவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ஒரு மாமி அவன் கட்டித் தந்தால்தான் வாங்குவேன் என்று நிற்கிறார். உம்மா கைக்குள் வைத்திருந்த பிள்ளையைத்தான் நான் இவ்வளவு நாளும் மனசில் வைத்திருந்தேன். இந்த ஆளை எனக்குச் சரியாகத் தெரியவே இல்லை.

வேலை முடிந்து டீ குடிக்கப் போனோம். கடிதத்தைப் பிரித்துப் படித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவன், "எனக்கு லெட்டர் இல்லயா?" என்று கேட்டான். இதுவும் ஒரு கேள்வி, பாருங்கள். நம் கடிதம் முழுக்க அவனைப் பற்றித்தான். அவனுக்கென்று ஒரு வரி இல்லை.

நான் எதையும் கேட்கவில்லை லாத்தா. கேட்டால் நான் தூண்டிவிட்டுச் சொன்னான் என்று ஆகிவிடும். நாம் இரண்டு பேருமே இல்லாத இடத்தில் அவனிடம் யாராவது கேட்கட்டும். உங்கள் அகிலனே கேட்கட்டும். சேர்ந்து மனுப் போட எனக்குச் சம்மதம்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவன் உங்களோடுதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டால், உம்மாவின் கடைசி வார்த்தையை நான் நிறைவேற்றாதவன் ஆகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. அவனை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

பெருநாளுக்கு வருகிறோம். வாயை மூடிக்கொண்டு எப்படிக் கறி சாப்பிடுவது என்று மட்டும் எழுதி அனுப்புங்கள்.

கபீர்


ஈசூன்
27 ஜூன் 2024

அன்புள்ள தம்பி கபீருக்கு,

வ அலைக்கும் ஸலாம்.

பெருநாளன்று உன்னை வாட்ஸ்அப்பில் திறந்துவிட்டேன். ஆனாலும் இதை அதில் தட்டிப்போட மனசில்லை. நீ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சம்மதத்தோடு, நேற்று ஹுசைனைக் கூட்டிக்கொண்டு புதன்கிழமை ஆலோசனைக்குப் போனேன். உனக்கு ஷிஃப்ட் மாற்றிக் கொடுக்காதது எனக்கு வருத்தம்தான். அதனால் நீ அங்கே இருந்தாற்போல எழுதப் பார்க்கிறேன்.

ஹுசைன் பெருநாள் சட்டை போட்டுக்கொண்டு, சென்ட் அடித்துக்கொண்டு வந்தான். பதிவு செய்ய அதே பெண்தான். ஹம்னா என்று அவள் கழுத்து அட்டையில் பெயர் போட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கொஞ்சம் சங்கடப்பட்டாள். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்? பெயர், அடையாள எண், முகவரி எல்லாம் முடிந்து, "மற்ற தரப்பு பேரு, ஆன்ட்டி?" என்றாள்.

போன தடவை இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் உன் பெயரைச் சொன்னேன். அது ஞாபகம் வந்து, பையில் எதையோ தேடுகிறவள்போலக் குனிந்துகொண்டேன். ஹுசைன்தான் கேட்டான், மற்ற தரப்பு என்றால் என்ன என்று. அந்தப் பெண் யோசித்துவிட்டு, "உங்களோட சண்டை போடுற ஆளு, அங்கிள்" என்றாள்.

"யாரும் இல்ல லா" என்றான் ஹுசைன். "லாத்தா இங்க இருக்காங்க. காக்கா பஸ் ஓட்றாங்க."

அவள் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். நான் பர்தா முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஹுசைனுக்கு ஒன்றும் புரியவில்லை, "ஏர்கான் ரொம்பக் குளிருதா லாத்தா?" என்று கேட்டான்.

அகிலன் அவனை மட்டும் உள்ளே அழைத்தார். என்னை வெளியே இருக்கச் சொன்னார். நான் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்துத்தான் என்னையும் கூப்பிட்டார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பேங்க் கணக்கைப் பார்ப்பது ஹுசைனுக்கு முடியாத காரியம். அதற்கு டாக்டர் சர்டிபிகேட் வாங்கி, நாம் இருவரும் டெபுடியாக மனுப் போட வேண்டும். அதை இலவசமாகவே நடத்திக் கொடுக்க வழி செய்கிறார்கள். சில மாதம் ஆகும். ஆனால் எங்கே தங்குவது என்பது வேறாம். "அத அவரே தெளிவா சொல்றாரு ஆன்ட்டி. அவரால முடிவு பண்ண முடியிற விஷயத்த அவருக்காக வேற யாரும் முடிவு பண்ண வேண்டியதில்ல" என்றார்.

எதற்காக நீயும் நானும் நெய்ச்சோற்றுக்கு முன்னால் கத்தினோமோ, அது நம் இருவர் கையிலும் இல்லவே இல்லை.

இனி நம் தம்பியின் தீர்ப்பைக் கேள். செவ்வாய் முதல் ஞாயிறு வரை வேலை, சனி வரை ராத்திரிகளில் லாத்தா வீடு. ஏனென்றால் ரயிலில் அவனுக்குத் தெரிந்த வழி அதுதான், சோறும் நன்றாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்ததும் காக்கா வீடு. திங்கள் கடை லீவு, அங்கேயே இருந்துவிட்டுச் செவ்வாய்க் காலையில் நேரே வேலைக்கு. உன் வீட்டு டிவி பெரியதாம். கடைசியாக ஒரு நிபந்தனை. அதை அகிலனிடம் எழுதச் சொல்லி, எழுதினாரா என்று எட்டிப் பார்த்தானாம்: அவனைக் கேட்காமல் யாரும் அவனுக்கு லீவு சொல்லக் கூடாது.

அது எனக்கு. வாங்கிக்கொண்டேன்.

நீ பயந்தாயே, உம்மாவின் வார்த்தை வீணாகிவிடும் என்று. இல்லை பார். அவனே இரண்டு பேருக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டான். எனக்கு நேற்றிரவு ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியான தூக்கம்.

திரும்பும்போது தேக்காவில் அவனே எனக்கு ஒரு கிளாஸ் தே தாரேக் வாங்கிக் கொடுத்தான். என் பர்ஸைத் திறக்க விடவில்லை.

உன் லாத்தா,
ரபியா


கிளமெண்டி
29 ஜூன் 2024

அன்புள்ள லாத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்கள் கடிதத்தை டிப்போவில் வைத்துப் படித்தேன். சூப்பர்வைசர் வந்து, வீட்டில் ஏதும் துக்கமா என்று கேட்டார். இல்லை, ரொம்ப சந்தோஷம் என்றேன். அவர் நம்பவில்லை.

ஃபஸீலா அறையைச் சுத்தம் செய்து புது விரிப்பு போட்டிருக்கிறாள். என் ரெஸ்ட் டேயைத் திங்களுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். தபாலில் போட்டால் நாளைக்குள் வராது என்று இதை ஃபஸீலாவிடம் இன்றே கொடுத்தனுப்புகிறேன். அவ்வளவுதான் உங்களுக்கு. மீதி உங்களுக்கு இல்லை. தயவுசெய்து அவனை உட்கார வைத்து, சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். இடையில் உங்கள் சொந்தச் சரக்கைச் சேர்க்க வேண்டாம்.

அன்புள்ள ஹுசைனுக்கு,

இது உனக்கு வந்த லெட்டர். படித்து முடித்ததும் லாத்தாவிடமிருந்து வாங்கி நீயே வைத்துக்கொள்.

நீ இலை கட்டுவதைப் பார்த்தேன். நன்றாகக் கட்டுகிறாய். உன் கடைக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. கடை அடைக்கிற நேரத்துக்கு வந்து ஸ்டேஷனில் நிற்கிறேன். ஊட்ரம் பார்க்கில் எப்படி ரயில் மாறுவது என்று காட்டுகிறேன். அடுத்த வாரத்திலிருந்து நீ தனியாகவே வந்துவிடுவாய்.

வக்கீலிடம் நீ வருவதாகச் சொன்னாய் என்று லாத்தா எழுதியிருக்கிறார்கள். ஆனால் நான் இன்னும் உன்னிடம் கேட்கவில்லை. அதனால் கேட்கிறேன். எங்கள் வீட்டுக்கு வருகிறாயா?

பதிலை லாத்தா சொல்ல வேண்டாம், நீ போன் செய்து சொல். களைப்பாக இருந்தால், வேண்டாம் காக்கா, அடுத்த வாரம் வருகிறேன் என்றும் சொல்லலாம். நான் கோபப்பட மாட்டேன்.

உன் காக்கா,
கபீர்